ஃபுகாஸி: அஞ்சு டாலர்ல ஒரு ராக் பேண்ட்

'இண்டி ராக்'னு சொன்னவுடனே நிறைய பேரு அது இசையில ஒரு தனி வகைன்னு நினைச்சுக்கறாங்க. கொஞ்சம் சோகமான கிட்டார், கலைஞ்ச தலை, தடிமனான கண்ணாடி, ரெண்டு தடவை கேட்டாலும் புரியாத வரிகள். இன்னிக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆயிடுச்சு. ஆனா ஆரம்பத்துல 'இண்டி'ங்கறது இசையைப் பத்தின வார்த்தை இல்லீங்க, கணக்குவழக்கைப் பத்தின வார்த்தை. இன்டிபெண்டன்ட். பெரிய ரெக்கார்ட் கம்பெனி யாரையும் நம்பாம தானே பதிவு பண்ணி, தானே அச்சடிச்சு, தானே விக்கிறவங்க. அவ்வளவுதான்.

அந்தப் பழைய அர்த்தத்துல, கடைசி வரைக்கும், ஒரு இன்ச் கூட நகராம இருந்த பேண்ட்னு ஒண்ணைச் சொல்லணும்னா என் ஓட்டு ஃபுகாஸிக்குத்தான். அமெரிக்காவில வாஷிங்டன் டி.சி.யைச் சேர்ந்த நாலு பேரு. 1987ல முதல் கச்சேரி, 2002ல கடைசிக் கச்சேரி. நடுவுல ஆயிரத்துக்கும் மேல கச்சேரிகள், அமெரிக்காவோட 50 மாநிலங்கள்லயும். டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர்.

அந்த 5 டாலர் எப்படி சாத்தியமாச்சு, அதுக்காக அவங்க எதையெல்லாம் விட்டாங்கங்கறதுதான் இந்தப் பதிவு. பாட்டைப் பத்தியும் சொல்றேன், பயப்படாதீங்க :-)

கையால ஒட்டின கவர்

கதை ஃபுகாஸிக்கு முன்னாடியே ஆரம்பிக்குது. 1980ல டி.சி.யில 'டீன் ஐடில்ஸ்'னு ஒரு பங்க் பேண்ட். பள்ளிக்கூட வயசுப் பசங்க. பேஸ் கிட்டார் வாசிச்சவர் இயன் மெக்காய், டிரம்ஸ் ஜெஃப் நெல்சன். ஒரு வருஷம் ஓடிட்டு பேண்ட் கலைஞ்சுது. கச்சேரிகள்ல வந்த காசை யாரும் பங்கு போட்டுக்காம ஒரு டப்பாவுல போட்டு வச்சிருந்தாங்க. மொத்தமே சில நூறு டாலர்தான். பிரிச்சுக்கறதா, இல்ல அதுல ஒரு ரெக்கார்ட் போடறதான்னு கேள்வி வந்தப்ப, ரெக்கார்ட் போடலாம்னு முடிவு பண்ணாங்க. கலைஞ்சு போன பேண்டுக்கு ரெக்கார்ட்!

வாஷிங்டன் அரசியல் தலைநகரம். இசைத் தொழில் எல்லாம் நியூயார்க்லயும் லாஸ் ஏஞ்சலஸ்லயும். அதனால இவங்களைத் தேடி யாரும் வரப்போறதில்லைன்னு பசங்களுக்கு நல்லாத் தெரியும். ஒரு பழைய ரெக்கார்ட் உறையைப் பிரிச்சு, அதை அளவா வச்சு, கத்தரியால வெட்டி, மடிச்சு, பசை தடவி ஒட்டித்தான் முதல் கவர்களைத் தயாரிச்சாங்க. அப்படிப் பிறந்ததுதான் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ். (இன்னிக்கு கேம் ஆடறவங்க அரட்டை அடிக்கிற செயலி வேற, இது வேற. இதுக்கு ஸ்பெல்லிங்ல ஒரு ஹெச் ஜாஸ்தி.)

டிஸ்கார்டோட விதிகள் எளிமையானவை. டி.சி. வட்டாரத்து பேண்டுகளோட இசையை மட்டும்தான் வெளியிடுவோம். ஒப்பந்தப் பத்திரம் கிடையாது, பேச்சுதான். லாபத்துல பேண்டுக்குப் பாதி, கம்பெனிக்குப் பாதி. இந்த மாதிரி ஏற்பாடெல்லாம் ரெண்டு வருஷத்துல சண்டையில முடியும்னுதான் நமக்குத் தோணும். ஆனா டிஸ்கார்ட் 40 வருஷத்தைத் தாண்டிருச்சு.

டீன் ஐடில்ஸுக்கு அப்புறம் மெக்காய் பாடினது 'மைனர் த்ரெட்' பேண்ட்ல. 1980ல இருந்து 83 வரைக்கும் மூணே வருஷம்தான் இருந்துச்சு. ஹார்ட்கோர் பங்க்னு சொல்ற அதிவேக இசைக்கு இலக்கணமே அவங்கதான்னு ஆயிடுச்சு. குடி, போதை வேண்டாம்னு மெக்காய் எழுதின ஒன்றரை நிமிஷம் கூட வராத ஒரு பாட்டு, 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்'ங்கற பேர்ல உலகம் பூரா ஒரு இயக்கமாவே மாறுச்சு. நான் இயக்கம் ஆரம்பிக்கலை, என் வாழ்க்கையைப் பத்தி ஒரு பாட்டு எழுதினேன், அவ்வளவுதான்னு மெக்காய் பல வருஷமா விளக்கம் சொல்லிக்கிட்டே இருந்தார். யாரு கேட்டா?

80களோட நடுவுல அந்த வட்டாரத்துக் கச்சேரிகள்ல அடிதடி பெருகிப் போச்சு. வெளியூர்ல இருந்து சண்டை போடறதுக்குன்னே வர ஆரம்பிச்சாங்க. இசையை ஆரம்பிச்சவங்களுக்கே அங்க போகப் பிடிக்கல. 1984, 85ல பழைய பசங்க சில பேரு சேர்ந்து வேற மாதிரி இசையோட புது பேண்டுகள் ஆரம்பிச்சாங்க. மெக்காயோட 'எம்ப்ரேஸ்', கீ பிச்சோட்டோவும் பிரெண்டன் கான்ட்டியும் இருந்த 'ரைட்ஸ் ஆஃப் ஸ்ப்ரிங்' ரெண்டும் அப்படி வந்ததுதான். அந்த பேண்டுகளும் ரொம்ப நாள் நிக்கல. ஆனா மிச்சமிருந்தவங்க ஒண்ணு சேர்ந்தாங்க. இயன் மெக்காய் கிட்டார், குரல். ஜோ லாலி பேஸ். பிரெண்டன் கான்ட்டி டிரம்ஸ். கொஞ்ச நாள் கழிச்சு கீ பிச்சோட்டோ. 1987 செப்டம்பர் 3ஆம் தேதி டி.சி.யில வில்சன் சென்டர்ல முதல் கச்சேரி. 'ஃபுகாஸி'ங்கற பேரு வியட்நாம் போருக்குப் போன அமெரிக்க சிப்பாய்களோட கொச்சை வார்த்தை. எல்லாம் நாசமாப் போச்சுங்கற மாதிரி ஒரு அர்த்தம்.

முதல்ல விலை, அப்புறம் மத்ததெல்லாம்

இங்கதான் எனக்குள்ள இருக்கற இன்ஜினியர் முழிச்சுக்கறான். சாதாரணமா விலை எப்படி முடிவாகும்? வேன் வாடகை, ஓட்டல், மேனேஜர் கமிஷன், ஏஜென்ட் கமிஷன், ஒலி, ஒளி எல்லாத்தையும் கூட்டி, மேல லாபம் வச்சா டிக்கெட் விலை. ஃபுகாஸி இதைத் தலைகீழாப் போட்டாங்க. டிக்கெட் 5 டாலர், இது மாறாது. இப்ப சொல்லு, மத்த செலவெல்லாம் எவ்வளவு இருக்கலாம்?

மென்பொருள் எழுதறவங்களுக்கு இது நல்லாப் புரியும். 'இவ்வளவு மெமரிதான், இதுக்குள்ள ஓடணும்'னு ஒரு கட்டுப்பாட்டை முதல்லயே போட்டுட்டா மொத்த டிசைனும் அதுக்கேத்த மாதிரி வளையும். ஃபுகாஸிக்கும் அப்படித்தான் வளைஞ்சுது.

மேனேஜர் இல்லை. புக்கிங் ஏஜென்ட் இல்லை, மெக்காயே போனைப் போட்டு ஊர் ஊராப் பேசுவார். வக்கீல் இல்லை. வேன்ல பயணம், ஆரம்ப வருஷங்கள்ல தெரிஞ்சவங்க வீட்டுத் தரையில படுக்கை. எந்த வயசுக்காரங்களும் உள்ள வரலாம்னு இன்னொரு விதி. அமெரிக்காவில ராக் கச்சேரி பெரும்பாலும் நடக்கறது மது விக்கிற கிளப்புகள்ல. 21 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்குப் பல இடங்கள்ல அனுமதி கிடையாது. அதனால இவங்க சர்ச் கூடம், சமுதாயக் கூடம், காலேஜ் ஜிம்னு இடம் தேடிப் போனாங்க. விளைவு, வேற எந்த பேண்டும் எட்டிப் பார்க்காத ஊருக்கெல்லாம் ஃபுகாஸி போச்சு. அங்க 15 வயசுப் பையன் பாக்கெட் காசுல டிக்கெட் வாங்கி உள்ள வந்தான்.

சட்டை விக்கறதில்லை. பேட்ஜ், போஸ்டர் எதுவுமே விக்கறதில்லை. இன்னிக்கும் சின்ன பேண்டுகளுக்கு டி-சட்டைதான் சோறு போடுதுங்கறதை ஞாபகம் வச்சுக்கங்க, அதையே வேண்டாம்னாங்க. விடுவாங்களா நம்ம வியாபாரிங்க? 'இது ஃபுகாஸி சட்டை அல்ல'ன்னு அச்சடிச்ச சட்டை ஒண்ணு வந்து, நல்லாவே வித்துச்சு! அதே மாதிரி ரெக்கார்ட் கவர்லயே தபால் செலவோட சேர்த்து என்ன விலைன்னு அச்சடிச்சுடுவாங்க. கடைக்காரர் ஜாஸ்தி கேட்டா வாங்கறவனுக்கே தெரிஞ்சுடும். மது, சிகரெட் விளம்பரம் போடற பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுக்கறதில்லைன்னு முடிவெடுத்ததுல, பெரிய இசைப் பத்திரிகைகளே பட்டியல்ல இருந்து காணாமப் போச்சு.

சொந்த ஊர் டி.சி.யில வாசிச்சா பெரும்பாலும் இலவசம், இல்லேன்னா ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்கு நிதி. 1990 டிசம்பர்ல லார்ட்டன் சிறைச்சாலைக்குள்ள போய் வாசிச்சாங்க. 1991 ஜனவரியில, வளைகுடாப் போர் தொடங்கறதுக்குச் சில நாள் முன்னாடி, குளிர்ல வெள்ளை மாளிகைக்கு எதிரே நின்னு போருக்கு எதிரா ஒரு கச்சேரி.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இன்னொண்ணு. கூட்டத்துல எவனாவது பக்கத்துல இருக்கறவங்களை அடிச்சா, மிதிச்சா, பாட்டைப் பாதியிலயே நிறுத்திடுவாங்க. மேடையில இருந்தபடியே, மரியாதையா, 'சார்'னு கூப்பிட்டு கண்டிப்பார் மெக்காய். அதுக்கும் அடங்கலேன்னா வெளியே. அப்படி அனுப்பறவங்களுக்குக் கொடுக்கறதுக்காகவே கவர்கள்ல 5 டாலர் போட்டுத் தயாரா வச்சிருப்பாங்க. உன் காசை நான் வச்சுக்க மாட்டேன், ஆனா நீ இங்க இருக்கக் கூடாது. இவ்வளவு சுத்தமான ரீஃபண்ட் பாலிசி நான் வேற எங்கயும் பார்த்ததில்லை.

சரி, பாட்டு எப்படி?

கொள்கையைப் பத்தியே பேசிப் பேசி இவங்க இசையை மறந்துடறதுதான் ஃபுகாஸிக்கு நடந்த பெரிய அநியாயம். இவங்க ஏதோ சாமியார் மடம் மாதிரி, வெறும் சாதத்தைச் சாப்பிட்டுக்கிட்டு, குளிர்காலத்துல ஹீட்டர் கூட இல்லாத வீட்டுல இருக்காங்கன்னெல்லாம் வதந்தி. 'இன்ஸ்ட்ருமென்ட்'னு ஜெம் கோஹன் எடுத்த ஆவணப்படத்தைப் பார்த்தா (1999ல வந்தது, பத்து வருஷம் கூடவே சுத்தி எடுத்தது) எவ்வளவு கலகலப்பான ஆளுங்கன்னு தெரியும். 1988ல ஒரு ஜிம்முல நடந்த கச்சேரியில பிச்சோட்டோ கூடைப்பந்து வளையத்துக்குள்ள காலை மாட்டித் தலைகீழாத் தொங்கிக்கிட்டே பாடற காட்சி அதுல இருக்கு. சாமியார் பண்ற வேலையா அது?

முதல் இசைத்தட்டு 1988ல வந்துச்சு. அதுல முதல் பாட்டு 'வெயிட்டிங் ரூம்'. ஜோ லாலியோட பேஸ் மட்டும் தனியா ஆரம்பிக்கும். ரெக்கே இசையோட வாசனை அடிக்கும். கிட்டாரும் டிரம்ஸும் வந்து சேரும். நீங்க தலையாட்ட ஆரம்பிக்கற நேரம் பார்த்து, முதல் அரை நிமிஷத்துக்குள்ளயே, எல்லாரும் சட்டுனு நிறுத்திடுவாங்க. முழு நிசப்தம். ஒரு மூச்சு அளவு இடைவெளி விட்டு மறுபடி பேஸ். அந்த நிசப்தத்துக்காகவே எத்தனையோ தடவை அந்தப் பாட்டைக் கேட்டிருக்கேன். வேகமும் சத்தமும்தான் பங்க்னு இருந்த காலத்துல, நிறுத்தறதும் இசைதான்னு காட்டினாங்க.

1990ல 'ரிப்பீட்டர்'. இதுல இருந்துதான் பிச்சோட்டோவும் கிட்டாரைக் கையில எடுக்கறார், அதுவரைக்கும் குரல் மட்டும்தான். ரெண்டு கிட்டாரும் ஒரே விஷயத்தை வாசிக்காது. மெக்காயோடது தடிமனான, அறையற மாதிரி சத்தம். பிச்சோட்டோவோடது மெல்லிசா, கீச்சுன்னு, கம்பியில நடக்கற மாதிரி. ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசினாலும் ரெண்டும் காதுல விழற மாதிரி ஒரு அமைப்பு. பின்னாடி கான்ட்டியோட டிரம்ஸ் செட்டுல ஒரு பெரிய மணி தொங்கும், நடுநடுவுல டங்குனு ஒண்ணு விழும்.

மேடையில எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டுன்னு பட்டியல் எழுதி வச்சுக்க மாட்டாங்க. யாராவது ஒருத்தர் ஒரு துணுக்கை வாசிப்பார், மத்தவங்க அதைப் பிடிச்சுக்குவாங்க. அதனால எந்த ரெண்டு கச்சேரியும் ஒண்ணா இருக்காது. நாலு பேருக்கும் எல்லாப் பாட்டும் எப்பவும் தயாரா இருக்கணும். எவ்வளவு ஒத்திகை வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

வரிகள்ல அரசியல் நிறைய உண்டு, ஆனா கோஷம் கம்மி. 'ரிப்பீட்டர்' பாட்டு டி.சி.யோட போதைக் கொலைகளைப் பத்தினது. 'ஸ்மால்பாக்ஸ் சாம்பியன்' அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு நடந்ததைப் பத்தி. 2001ல வந்த கடைசி ஆல்பமான 'தி ஆர்க்யுமென்ட்'ல 'கேஷ்அவுட்'னு ஒரு பாட்டு. பணக்காரங்க வர்றதுக்காக ஏழைகளை அவங்க பேட்டையில இருந்து காலி பண்ண வைக்கிற கதை. அந்த ஆல்பத்துல செல்லோ எல்லாம் வந்து, இசை ரொம்பப் பக்குவமா இருக்கும்.

பெட்டி நிறைய பணம்

1991ல நிர்வானாவோட 'நெவர்மைண்ட்' வந்து எல்லாத்தையும் புரட்டிப் போட்டுச்சு. இந்த அழுக்குப் பசங்க இசையில இவ்வளவு காசா? பெரிய கம்பெனிங்க எல்லாம் செக் புக்கோட கிளம்பினாங்க. டிஸ்கார்டுக்கும் அது நேரா வந்து தட்டுச்சு. அதோட முக்கியமான ரெண்டு பேண்டுகள் கிளம்பிப் போனாங்க. 'ஜாபாக்ஸ்' அட்லாண்டிக்குக்கு, 'ஷடர் டு திங்க்' எபிக்குக்கு. ரெண்டு பேரோட புது ஆல்பமும் 1994ல பெரிய கம்பெனி பேர்ல வந்துச்சு. அவங்களைக் குத்தம் சொல்லறதுக்கு ஒண்ணுமில்லை. வாடகை கட்டணும், அதிகம் பேர் கேக்கணும்னு ஆசைப்படறது தப்பா? நல்ல ஆல்பங்கள்தான். ஆனா அடுத்த நாலஞ்சு வருஷத்துல ரெண்டு பேண்டுமே கலைஞ்சுது.

ஃபுகாஸிகிட்ட வந்தவர் சாதாரண ஆள் இல்லை. அட்லாண்டிக் கம்பெனியை 1947ல ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான அஹ்மத் எர்டெகுன். ரே சார்லஸ்ல இருந்து லெட் செப்பலின் வரைக்கும் பார்த்த பெரிய மனுஷன். 1993ல நியூயார்க் ரோஸ்லாண்ட் கச்சேரிக்கு நேர்லயே வந்து, என்ன வேணும்னாலும் கேளுங்கன்னு சொன்னதா வரலாறு. இவங்க நன்றி சொல்லி அனுப்பிச்சுட்டாங்க. அதே வருஷம் வந்த 'இன் ஆன் தி கில் டேக்கர்' ஆல்பம், பெரிய விளம்பரம் எதுவும் இல்லாமலே, பில்போர்ட் 200 பட்டியல்ல 153ஆவது இடத்துக்கு வந்துச்சு.

அந்த ஆல்பத்துக்குப் பின்னாடி ஒரு குட்டிக் கதை. 1992ல சிகாகோ போய் ஸ்டீவ் ஆல்பினிகிட்ட பதிவு பண்ணாங்க. கொட்டை எடுத்த புலி அவர். ஊருக்கு வந்து போட்டுக் கேட்டா சரியா வரல. மொத்தத்தையும் ஓரம் வச்சுட்டு, பழைய இடமான ஆர்லிங்டன் 'இன்னர் இயர்' ஸ்டுடியோவுல முதல்ல இருந்து பதிவு பண்ணாங்க. தேதி சொல்லி நெருக்க கம்பெனின்னு ஒண்ணு இல்லாததால அது முடிஞ்சுது. டெட்லைன்ல மாட்டிக்கிட்டு அரைகுறையா ரிலீஸ் பண்ற நம்மள மாதிரி ஆளுங்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

ஒரு ஒப்பீடு. 1994ல பெர்ல் ஜாம், அப்ப உலகத்துலயே பெரிய பேண்டுகள்ல ஒண்ணு, டிக்கெட் விலையை 20 டாலருக்குள்ள வைக்கணும்னு டிக்கெட்மாஸ்டரோட மோதி, அமெரிக்க நீதித்துறைகிட்ட புகார் கொடுத்தாங்க. 1995ல அந்த விசாரணை ஒண்ணுமில்லாம முடிஞ்சுது. அவ்வளவு பெரிய பேண்டால முடியாததை இந்த நாலு பேரு எப்படி முடிச்சாங்க? பெர்ல் ஜாம் பாவம், ஏற்கெனவே அந்த இயந்திரத்துக்கு உள்ள இருந்துக்கிட்டு அதை மாத்தப் பார்த்தாங்க. ஃபுகாஸி உள்ளயே போகல. சிஸ்டத்துக்குள்ள போனப்புறம் பேட்ச் போடறது கஷ்டம்.

இதையே எல்லாரும் செய்யலாமேன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். மெக்காய்க்கு மைனர் த்ரெட் மூலமா முன்னாடியே பேர் இருந்துச்சு, கையில சொந்தக் கம்பெனி இருந்துச்சு, கூட்டம் தானா வந்துச்சு. இருபது பேரு வர்ற கச்சேரிக்கு 5 டாலர்னா பெட்ரோலுக்கே பத்தாது. கணக்கு வேலை செய்யறதுக்குக் கூட்டம் வேணும். அந்தக் கூட்டம் வந்ததுக்கு 5 டாலரும் ஒரு காரணம்னாலும், முழுக் காரணம் அவங்க வாசிச்ச வாசிப்புதான். கொள்கை மட்டும் இருந்து பாட்டு சுமாரா இருந்திருந்தா யாரும் இன்னிக்கு இதைப் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்.

நிறுத்தினாங்க, முடிக்கல

2002 நவம்பர்ல லண்டன்ல கடைசிக் கச்சேரி. கல்யாணம், குழந்தை, வயசான பெற்றோர்னு வாழ்க்கை கூப்பிட்டுச்சு. சண்டை இல்லை, பிரிஞ்சுட்டோம்னு அறிக்கை இல்லை. காலவரையற்ற இடைவெளின்னு மட்டும் சொன்னாங்க. அந்த இடைவெளி 20 வருஷத்தைத் தாண்டிப் போயிக்கிட்டே இருக்கு. அதுக்கப்புறம் எத்தனையோ பழைய பேண்டுகள் மறுபடி ஒண்ணு சேர்ந்து காசு பார்த்துட்டாங்க. இவங்க வரல. ஆனா சும்மாவும் இல்லை. மெக்காயும் லாலியும் ஏமி ஃபரினாவோட சேர்ந்த 'கோரிக்கி' பேண்டோட ஆல்பம் 2020ல வந்துச்சு. லாலியும் கான்ட்டியும் 'தி மெஸ்தெடிக்ஸ்'ல வாசிக்கறாங்க. பிச்சோட்டோ மத்தவங்க ஆல்பங்களுக்குத் தயாரிப்பாளர் ஆனார். இன்னர் இயர் ஸ்டுடியோ இருந்த கட்டடம்தான் 2021ல கைவிட்டுப் போச்சு.

ஆனா அவங்க விட்டுட்டுப் போன ஒரு விஷயம் இருக்கே! நடத்தின கச்சேரிகள்ல 800க்கும் மேல அவங்க ஒலிப் பொறியாளர்களே பதிவு பண்ணி வச்சிருந்தாங்க. கேசட், டாட், சிடின்னு அந்தந்தக் காலத்துக்கு எது இருந்துச்சோ அதுல. 2011 டிசம்பர்ல இருந்து அதையெல்லாம் ஒண்ணொண்ணா இணையத்துல ஏத்தினாங்க. சுருதி தப்பினது, மைக் செத்தது, கூட்டத்தோட வாக்குவாதம் எதையும் வெட்டாம. ஒரு கச்சேரிக்கு என்ன விலை வச்சிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க? 5 டாலர்! முடியாதவங்க 1 டாலர் கொடுக்கலாம், மனசு இருக்கறவங்க 100 வரைக்கும் கொடுக்கலாம்னு ஏற்பாடு. எப்பவோ ஏதோ ஒரு ஊர்ல, அந்த 15 வயசுப் பையன் பார்த்த அதே கச்சேரி அதே விலைக்குத் திரும்பக் கிடைக்குது.

நமக்கெல்லாம் எழுதறதுக்கு யாரும் காசு கொடுக்கறதில்லை, நாமளும் கேக்கறதில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு மேல, ஆபீஸ் வேலை முடிச்சுட்டு எழுதறோம். அதனாலேயோ என்னமோ, இந்த நாலு பேரு கதை எனக்கு ரொம்பக் கிட்டத்துல இருக்கற மாதிரி தோணும். எதுக்கு ஆரம்பிச்சோம்ங்கறதை ஒரு சின்ன எண்ணா எழுதி எல்லார் கண்ணுலயும் படற மாதிரி ஒட்டிட்டா, அதுல இருந்து நழுவறது அவ்வளவு சுலபம் இல்லை.

கேக்க விரும்பறவங்களுக்கு என் சிபாரிசு: முதல்ல '13 சாங்ஸ்' தொகுப்பு, அதுலதான் 'வெயிட்டிங் ரூம்' இருக்கு. பிடிச்சிருந்தா 'ரிப்பீட்டர்'. அப்புறம் நேரா 'தி ஆர்க்யுமென்ட்'டுக்குத் தாவிடுங்க. நடுவுல வந்த 'ரெட் மெடிசின்' (1995), 'எண்ட் ஹிட்ஸ்' (1998) ரெண்டையும் கடைசியா, நிதானமா. முதல் தடவை கேக்கும்போது சத்தமாத்தான் தெரியும். மூணாவது தடவை அந்த நிசப்தங்கள் காதுல விழ ஆரம்பிக்கும்.

டிஸ்கி: வீட்டுல ஸ்பீக்கர்ல போட்டா பக்கத்து ஃபிளாட்காரர் வந்து கதவைத் தட்டுவார். ஹெட்ஃபோன் உத்தமம்.